முதலாளியின் காதுக்குப் போகும் ஒரே வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில், பிற கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குச் செய்துகொடுக்கும் பின்னலாடை ஜாப் ஒர்க் கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். டெய்லர்கள், செக்கிங், அயர்னிங், கைமடி எனப்படும் உதவியாட்கள் என 14 பேர் வேலை செய்கிறார்கள். கூட வேலை செய்பவரின் மனத்தைக் குழப்பி, தன்மீதே அவருக்கு நம்பிக்கை போகும்படி செய்யும் கொடுமை பெரிய அலுவலகங்களில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். அது என் கூடத்திலேயே ஓராண்டுக்கும் மேலாக நடந்திருக்கிறது.

செக்கிங் மேசையில் ஆறு ஆண்டுகள் இருந்த ஒரு பெண், ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கியதோடு நின்றுவிட்டார். மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அவருடைய நோட்டு ஒன்று கிடைத்தது. "காலை 11.20. எம் சைஸ் லேபிளை மாற்றச் சொன்னார்." "மதியம் 3.05. டேமேஜ் பீஸைத் தனியாக வைக்க வேண்டாம் என்றார்." இப்படி நாளும் நேரமும் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சூப்பர்வைசர் வாய்மொழியாக ஒன்றைச் சொல்வார். தவறு நேர்ந்து நான் கேட்கும்போது, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே, அக்காவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி" என்று எல்லோர் முன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் அதை நம்பினேன். அந்தப் பெண்ணோ தன் நினைவையே நம்ப முடியாமல் நோட்டுப் போடும் நிலைக்கு வந்திருக்கிறார்.

சூப்பர்வைசர் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சாயப்பட்டறை, வங்கி, ஆர்டர் கொடுப்பவர் என்று நாள் முழுக்க நான் வெளியே அலைந்ததால், லீவு, அட்வான்ஸ், பீஸ் ரேட் கணக்கு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே வழி என்றாகியிருந்தது. "முதலாளி உங்க மேல கோபமா இருக்கார்" என்று வேலையாட்களிடமும், "அவங்க வேற கம்பெனி பார்க்கறாங்க" என்று என்னிடமும் சொல்லிக்கொண்டிருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். அட்வான்ஸ் பாக்கி உள்ளவர்கள் எதிர்த்துப் பேசத் துணியவில்லை. மற்றவர்களும் டீ நேரத்தில் அந்தப் பெண்ணோடு உட்காருவதை நிறுத்திவிட்டார்கள்.

சரக்கு அனுப்பும் நெருக்கடியில் கடுமையாகப் பேசுகிற எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தக் கோபம் எல்லோர் கண்ணிலும் படும், வேலை முடிந்ததும் தீர்ந்துவிடும். இதுவோ, பாதிக்கப்பட்டவர் எதையும் நிரூபிக்க முடியாதபடி பார்த்துப் பார்த்துச் செய்யப்படுவது.

இப்போது வேலையில் எந்த மாற்றமானாலும், சொன்னவரின் கையெழுத்தோடு, ஒவ்வொரு தொகுதிச் சரக்குக்கும் உள்ள லாட் சீட்டில் எழுதப்படுகிறது. அட்வான்ஸும் லீவும் நேராக என்னிடம்தான் கேட்கப்படுகின்றன. இல்லாத ஒருவரைப் பற்றி யார் குறை சொன்னாலும் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்த பிறகே கேட்கிறேன். முதல் மாதத்திலேயே கோள் சொல்வது பாதியாகக் குறைந்தது. யாராவது வேலையை விட்டு நின்றால், காரணம் கேட்க வீட்டுக்கே போகிறேன். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

ஆனால் எல்லா முதலாளிகளும் தாமாக முன்வருவார்கள் என்று விட்டுவிட முடியாது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. தொழிலாளர் சட்டப்படி அமைய வேண்டிய குறைதீர் குழுவோ 20 தொழிலாளர்கள் இருந்தால்தான் கட்டாயம். பாலியல் தொடர்பற்ற இத்தகைய கொடுமைக்கு ஆளாகும் ஒருவர் 14 பேர் கொண்ட கூடத்தில் இருந்தால், அந்த இரண்டு குழுக்களிலும் அவருக்கு இடமில்லை.

எனவே, மாவட்ட உள்ளூர்க் குழுவைப் போலவே, 20 பேருக்குக் குறைவான கூடங்களுக்கென்று பகுதிவாரியாக ஒரு பொதுக் குறைதீர் குழுவைத் தொழிலாளர் துறை அமைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அதில் சேர்ந்து அமர வேண்டும். அதன் தொலைபேசி எண்ணையும், மனநல ஆலோசனைக்கான இலவச எண் 14416-ஐயும், வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். சூப்பர்வைசரின் மேசைக்கு எதிரே ஒட்டினால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் கூடம் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.