படத்தில் இருந்த துப்பாக்கி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீ அனுப்பிய படத்தை அவளிடம் இன்னும் காட்டவில்லை. கடைக்குள் தள்ளுவண்டியோடு நிற்கிறாய், வண்டியில் பாப்பா, உன் இடுப்பில் எல்லோருக்கும் தெரியும்படி கைத்துப்பாக்கி. "இங்கே இது சட்டப்படி சரிதான் அப்பா" என்று எழுதியிருந்தாய். சரிதான். டெக்சாஸில் 2016 முதல் லைசென்ஸ் இருந்தால் போதும் என்றார்கள், 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய, வேறு தடை இல்லாதவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்றார்கள். நீ குடியுரிமை வாங்கியவன். சட்டத்தைப் பற்றி உன்னோடு எனக்குப் பேச்சில்லை.

பட்டாளத்திலிருந்து வந்தபின் 11 வருடம் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்றவன் நான். முதல் வாரமே ஒரு பாட்டி உதவித்தொகை வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "உள்ளே ஏதாவது திருடு போயிடுச்சா ஐயா?" என்று கேட்டார். யூனிஃபார்ம் போட்டிருந்தேன், நெஞ்சில் பேட்ஜ் இருந்தது. அப்படியும் துப்பாக்கியைப் பார்த்தவுடன் அவருக்குத் தோன்றியது, இங்கே என்னவோ நடந்துவிட்டது என்பதுதான். மறுநாளே ஸ்டூலை வாசலிலிருந்து தூண் ஓரமாக நகர்த்திக்கொண்டேன். நீ டீ-ஷர்ட்டில் நிற்கிறாய் தம்பி. நீ நல்லவன் என்பது எனக்குத் தெரியும். அதே கடைக்குப் பால் எடுக்க வருகிற ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஊர்க்காரர்களுக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகரத்து வால்மார்ட் கடையில் ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அது நடந்து ஐந்தே நாளில், மிசௌரியில் வேறொரு வால்மார்ட்டுக்குள் ஒரு பையன் நீளத் துப்பாக்கியும் குண்டு துளைக்காத உடுப்புமாகப் போனான். தன் உரிமையைக் கடை மதிக்கிறதா என்று பார்க்கப் போனானாம். மேனேஜர் தீ அலாரத்தை அடித்தார், ஜனம் சிதறி ஓடியது. அடுத்த மாதமே, துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்துவர வேண்டாம் என்று வால்மார்ட் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2014இலும் இதே கதைதான். டெக்சாஸில் சிலர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனார்கள். ஜனங்கள் பார்த்துப் பழகட்டும் என்று போனவர்கள் அவர்கள். கடைசியில் சிப்போட்லே என்ற சாப்பாட்டுக் கடைக்காரர்களும் டார்கெட் என்ற பெரிய கடைக்காரர்களும் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று கேட்கும்படி ஆயிற்று. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பேரைக் கெடுத்தவர்கள் அவர்களேதான்.

இன்னொன்று, எழுதவே கை வரவில்லை. அதே 2014இல் ஒஹையோவில் ஒரு கறுப்பின இளைஞர், 22 வயது, கடை அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போன் பேசியபடி நடந்தார். யாரோ போலீஸுக்குச் சொன்னார்கள். போலீஸ் வந்து சுட்டுவிட்டது. வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் உள்ள மாநிலம்தான் அதுவும். உன் நிறமும் தாடியும் என் கண்ணுக்கு அழகு. பயந்துபோய் போன் செய்கிறவர் உன்னை எப்படி வர்ணிப்பார் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள். கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் போர்டு இருக்கும், நான் வந்திருந்தபோது பார்த்தேன். அதைப் படிக்காமல் உள்ளே போகாதே. துப்பாக்கியோடு வர வேண்டாம் என்று போட்டிருந்தால் திரும்பிவிடு. கடைக்காரர் வெளியே போகச் சொன்னால் "சாரி" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. பில் போடும் பெண்ணிடம் சட்டம் பேசாதே. அவள் சம்பளத்துக்கு நிற்கிறவள். சொன்ன பிறகும் நின்றால் ஒரு வருடம் வரை சிறை போடவும் அங்கே இடமிருக்கிறது. வரிசையில் நிற்கும்போது கை அந்தப் பக்கமே போகக் கூடாது. சரி செய்வதற்காகத் தொட்டாலும், பார்க்கிறவருக்கு நீ அதை எடுக்கிற மாதிரிதான் தெரியும்.

அப்புறம், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தள்ளுவண்டியில் பாப்பா உட்கார்ந்திருக்கும் உயரமும் உன் பெல்ட்டின் உயரமும் ஒன்று. அவள் இடது கை உன் துப்பாக்கி உறைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால்தான் வெளியே வருகிற உறையா, சும்மா இழுத்தாலே வந்துவிடுமா? இன்றைக்கே போன் செய்து சொல்.

அப்பா