'எ தௌசண்ட் சன்ஸ்' ஆல்பத்தைக் கடைசியில் வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போன சனிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அமெரிக்க ராக் இசைக்குழு லிங்கின் பார்க்கின் ஆல்பங்களுக்கு வரிசை போட்ட தம்பிகளே, தங்கச்சிகளே,

அன்றைக்கே சொல்லியிருப்பேன். டிவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது, என் ரொட்டி சானாய் வேறு ஆறிக்கொண்டிருந்தது, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். 'ஹைப்ரிட் தியரி' முதல் இடம், சரி. 'மெட்டியோரா' இரண்டாவது, அதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2010-இல் வந்த 'எ தௌசண்ட் சன்ஸ்' கடைசி என்று ஏழு பேர் கை தூக்கினீர்களே, அதுதான் மனசிலேயே நிற்கிறது. "நடுநடுவே வெறும் சத்தம், பாட்டே இல்லை" என்றார் ஒருவர். "கித்தார் எங்கே போச்சு?" என்றார் இன்னொருவர்.

உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை, நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். அப்போது காலேஜ் மாணவன், பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் வாங்கிய எம்பி3 டிஸ்க், அப்பாவின் பழைய புரோட்டோன் கார். அந்த பிளேயர் பாட்டுகளை ஆங்கில அகரவரிசையில்தான் எடுக்கும். எடுத்த எடுப்பில் 'பிளாக்அவுட்', பாடகர் செஸ்டர் பென்னிங்டன் தொண்டை கிழியக் கத்துகிறார், ஏன் கத்துகிறார் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஆல்பத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய 'தி ரெக்வியம்' பதினொன்றாவதாக வந்தது. தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போன மாதிரி. ரெண்டு வாரம் கேட்டேன், டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அப்புறம் சில வருஷம் கழித்துத்தான் சரியான வரிசையில் கேட்டேன். மொத்தம் பதினைந்து தடம், நாற்பத்தேழு நிமிஷம் சொச்சம், ஒன்று முடிவது தெரியாமல் அடுத்தது தொடங்குகிறது. 'தி ரெக்வியம்' முனகிவிட்டுப் போகிற அதே வரிகள் பதினான்காவதாக வரும் 'தி கேட்டலிஸ்ட்'டில் முழு வேகத்தில் திரும்பி வருகின்றன. முதலாவதைக் கேட்காதவருக்குப் பதினான்காவது இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். நீங்கள் கேட்பதோ கலைத்துப் போட்டு, போனில். என் அப்பா காரை விட மோசம்.

"வெறும் சத்தம்" என்று சொன்னீர்களே, இரண்டாவது தடத்தில் பேசுவது யார் குரல்? அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமர், கீதையைச் சொல்கிறார். ஆல்பத்தின் பெயருக்கும் அங்கேதான் வேர். ஆயிரம் சூரியன் ஒரே நேரத்தில் வானத்தில் உதித்தது போல என்று பதினோராம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைச் சொல்கிற இடம் இருக்கிறதே, அதுதான். ஏழாவது தடத்தின் தலைப்பான 'ஹோர்னாடா டெல் முவெர்ட்டோ' என்பது 1945 ஜூலை 16-இல் முதல் குண்டை வெடித்துப் பார்த்த நியூ மெக்சிகோ பாலைவனத்தின் பெயர். அந்தத் தடத்தில் பாடுவது ஜப்பானிய மொழியில். குண்டு யார் தலையில் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அது உறைத்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

'வென் தே கம் ஃபோர் மீ' பாட்டில் பறை மாதிரி அடிப்பார்களே, அதை ஒருநாள் வீட்டில் போட்டபோது அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, "என்னடா, பத்துமலை உறுமி மேளமா?" என்றார். இந்த ஆல்பத்துக்கு இதுவரை நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

கித்தாரைத் தேடிய தம்பிக்கு ஒரு வார்த்தை: கடைசியாக வரும் 'தி மெஸெஞ்சர்' அகூஸ்டிக் கித்தாரோடுதான் தொடங்குகிறது. அதுவரை நீங்கள் போகவே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 'ரோபோட் பாய்' எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை. செஸ்டர் இறந்த பிறகு, 2024-இல் புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடி வந்த 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பத்தைப் பாதி கேட்டதும் "செஸ்டர் இல்லை, வேண்டாம்" என்று மூடியவர்களும் இதே மேசையில்தான் இருந்தீர்கள், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஃபெடரல் ஹைவே வழியாக கிள்ளானுக்கு வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போகிறேன். ஜாம் இருந்தால் ஆல்பம் முழுசாக முடிந்துவிடும். காரில் நாலு இடம் காலி, செலவு என்னுடையது, திரும்பி வந்து மறுபடியும் கை தூக்குங்கள். வழியில் "அடுத்த பாட்டு போடுங்கண்ணே" என்று யாராவது வாயைத் திறந்தால் சுபாங்கிலேயே இறக்கிவிட்டுவிடுவேன்.