தண்டனைக்கு முன் வர வேண்டிய அறிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறை நெரிசல் பற்றிய தங்கள் தலையங்கம், சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதைச் சரியாகவே சுட்டியிருந்தது. தண்டனை விதிக்கப்படும் நாளைப் பற்றியும் பேச வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பான 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன், நீதிமன்றம், அவருடைய குடும்பத்தையும் பின்னணியையும் விசாரித்துச் சொல்லும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும் என்றும், சிறைதான் என முடிவுசெய்தால் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராயும் குற்றவியல் படிப்பு நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசல் இதுதான்.

நெல்லையில் முதுநிலைக் குற்றவியல் படித்தபோது, களப்பயிற்சிக்காக ஓர் அலுவலருடன், கைப்பேசி திருடிய 19 வயது இளைஞனின் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஐ.டி.ஐ. சான்றிதழை அவன் தாய் எடுத்துக் காட்டினார். முன்பு வேலை பார்த்த பட்டறையின் உரிமையாளர், மீண்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வழக்குக் கட்டில் இவை எதுவும் இல்லை. அறிக்கையைப் படித்த நீதிபதி, அவனிடம் ஒழுங்காக நடப்பேன் என்று பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு, அலுவலரின் கண்காணிப்பில் விடுவித்தார். ஆனால் அந்த ஒரே அலுவலர் பல நீதிமன்றங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார். எத்தனை வீட்டு வாசலைத்தான் அவரால் மிதிக்க முடியும்?

மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் மனநிலை, சிறை நடத்தை, வாழ்க்கைப் பின்னணி பற்றிய அறிக்கைகளைப் பெற வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. திருட்டு வழக்கில் சிக்கும் ஏழைக்கும் அந்தக் கவனம் கிடைக்க வேண்டாமா?

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'கைரேகைச் சட்டம்' என்று கசப்போடு சொல்லும், ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே மனிதரைக் குற்றவாளி ஆக்கியது. அன்று அதையும் அறிவியல் போலவே பேசினார்கள். இன்றைய அறிக்கையிலும் சாதியும் தெருவும் சாட்சியாகிவிடக் கூடாது.

ஆகவே, குற்றவியல் பட்டதாரிகளை நன்னடத்தை அலுவலர்களாகப் போதிய எண்ணிக்கையில் அரசு நியமிக்க வேண்டும். அறிக்கையின் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, மறுத்துச் சான்று காட்ட வாய்ப்பளிக்கலாம் என்று அதே சட்டத்தின் 7-ஆவது பிரிவு நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதைக் கட்டாயமாக்கித் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உசிலம்பட்டி.