ஊர் கிடைத்தது, போவதற்கு வேலை இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதமும் கூடவே நீ வரைந்த வரைபடமும் வந்து சேர்ந்தன. வரைபடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்கிற ஆன்லைன் விளையாட்டில் நைட் எல்ஃப் இனத்து ஆட்களுக்குப் புது மரம், புது ஊர் எல்லாம் கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு முனகுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த முனகலில் விஷயம் இருக்கிறது. நீயும் உன் விளையாட்டில் ஊரை இழந்த ஒரு கூட்டத்துக்கு ஊர் கட்டப் போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2018 ஆகஸ்ட் வாக்கில், 'பேட்டில் ஃபார் அஸெரோத்' என்கிற எக்ஸ்பான்ஷன் (விளையாட்டின் பெரிய புதுப் பகுதி) வெளிவருவதற்குச் சற்று முன்பு, எதிரணியான ஹோர்டின் தலைவி சில்வானஸின் உத்தரவில், நைட் எல்ஃபுகள் வாழ்ந்த டெல்ட்ராசில் என்கிற பெருமரம் எரிக்கப்பட்டது. அதன் உச்சியில் இருந்த டர்னாசஸ் நகரமும் போயிற்று. அடுத்த 'ஷேடோலேண்ட்ஸ்' கதையில் ஆர்டன்வீல்டு என்கிற மறுவுலகக் காட்டிலிருந்து ஒரு விதை கிடைத்தது. அது 'டிராகன்ஃப்ளைட்'டில் அமிர்ட்ராசில் என்னும் மரமாயிற்று. 2023 நவம்பர் 7-ம் தேதி வந்த 10.2 பேட்சில் (புதுப்பிப்பில்) அந்த மரத்தைக் காப்பாற்ற ஒன்பது பாஸ்கள் (பெரிய எதிரிகள்) கொண்ட ரெய்டு என்னும் கூட்டுப் போர், கடைசியில் ஃபிராக் என்கிற டிராகன். 2024 ஜனவரி 16-ல், 10.2.5 பேட்சில், மரத்தடியில் பெல்லாமெத் ஊர் திறந்தது. எரிந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐந்தரை வருடம். இவ்வளவு நாள் காக்க வைத்துவிட்டு ஓர் ஊரைத் திறந்தால், நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இழந்ததற்கு ஈடாகுமா என்றுதான் பார்ப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எரிந்துபோன டர்னாசஸிலும் ஆள் நடமாட்டம் இருந்ததில்லை. 2004-ல் விளையாட்டு தொடங்கியபோது நைட் எல்ஃபுகளின் அணியான அலையன்ஸ் பக்கம் ஆக்‌ஷன் ஹவுஸ் (ஏலக்கடை) அயர்ன்ஃபோர்ஜ் நகரத்தில்தான். மற்றத் தலைநகரங்களுக்கும் அது வந்து, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தது 2006 தொடக்கத்தில், 1.9 பேட்சில். அதற்குள் கூட்டம் அயர்ன்ஃபோர்ஜிலேயே ஊறிவிட்டது; ஸ்டார்ம்விண்டுக்கு நிலத்தடி டிராம் வேறு இருந்தது. டர்னாசஸுக்குப் போவதென்றால் மெனெத்தில் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்து, ஆபர்டைனில் இறங்கி, இன்னொரு கப்பல் பிடித்து ருத்தேரன் போய், அங்கிருந்து போர்ட்டலில் மரத்தின் மேல் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் பெரிய பெரிய மேடைகள், குளம், நடுவே கோயில், சுற்றிலும் அமைதி. பார்க்க அழகு, புழங்க ஆள் இல்லை.

ஆனாலும் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. நைட் எல்ஃபாகப் பிறந்தவர்கள் ஷேடோக்ளெனில் கண் விழித்து, டோலனார் வழியாக டர்னாசஸுக்கு நடந்தே வந்தார்கள். இரண்டு நிலைக்கு (லெவலுக்கு) ஒரு முறை பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். நைட்சேபர் என்கிற புலி வாகனம் வாங்க வேண்டுமானால் அங்கேதான் போயாக வேண்டும். ஆக, அது புழங்குகிற ஊராக இல்லாவிட்டாலும் பிறந்த ஊராக இருந்தது. சொந்த ஊருக்கு வருடம் ஒரு தடவை போகிறவனுக்கும் அந்த ஊர் இல்லையென்றால் வலிக்கும் அல்லவா? பெல்லாமெத்தைத் திட்டமிட்டவர்கள் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. பழைய ஊருக்கு இணையான அழகைக் கொடுத்தார்கள், பழைய ஊருக்குப் போவதற்கு இருந்த காரணத்தைக் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவர் புதிதாக நைட் எல்ஃப் உருவாக்கி, இனத்தின் தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுத்தால், எரிந்துபோன அதே மரத்தின் மேல்தான் கண் விழிப்பார். அடியோடு புதியவர்களுக்கு 2020 முதல் எக்ஸைல்ஸ் ரீச் என்கிற பொதுத் தீவு. பெல்லாமெத்தில் பிறக்கிற ஆள் யாருமே இல்லை. கதைப்படி புது வீடு, விளையாட்டுப்படி கடைசியில் வந்து எட்டிப்பார்க்கிற இடம்.

இன்னொன்று, வேலை. விளையாட்டுகளில் ஊர் என்பதே வேலைகளின் தொகுப்புதான். பேங்க், ஆக்‌ஷன் ஹவுஸ், மெயில் பாக்ஸ், விடுதி, கைத்தொழில் மேசைகள், போர்ட்டல். இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில் மக்கள் நிற்பார்கள். மக்கள் நின்றால் இன்னும் மக்கள் வருவார்கள். பெல்லாமெத் திறந்தபோது அந்த வேலையெல்லாம் 'டிராகன்ஃப்ளைட்'டின் தலைநகரான வால்ட்ராக்கனில் நடந்துகொண்டிருந்தது. அதே 2024 ஆகஸ்ட் 26-ல் அடுத்த எக்ஸ்பான்ஷனான 'தி வார் விதின்' வந்ததும் கூட்டம் அப்படியே அதன் தலைநகரான டோர்னோகலுக்கு மாறியது. நடுவில் பெல்லாமெத்துக்குக் கிடைத்தது ஏழு மாதமும் சில நாளும். அதுவும் எக்ஸ்பான்ஷனின் வால் பகுதி, பாதிப் பேர் ஓய்வில் இருக்கும் காலம். ஒருவருக்கு ஒரு ஹார்த்ஸ்டோன்தான் (எங்கிருந்தாலும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் கல்), அதை ஒரு விடுதியில்தான் பதிக்க முடியும். அந்த ஒரு பதிவை விட்டுக்கொடுத்து எந்த ஊரில் பதிக்கிறார்களோ அதுதான் அவர்களுடைய ஊர். அந்தப் போட்டியில் பெல்லாமெத் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டது.

இடமும் ஒரு குறைதான். நைட் எல்ஃபுகளின் மண் காலிம்டோர் கண்டம். ஆஷன்வேல், டார்க்‌ஷோர், ஹைஜால் என்று அவர்கள் ரத்தம் சிந்திய காடுகள் அங்கே இருக்க, மரம் முளைத்ததோ டிராகன் தீவுகளின் கரையோரம். எமரால்டு டிரீம் என்கிற கனவுலகிலிருந்து வெளிவந்த மரம் அங்கேதான் வேரூன்றியது என்று கதை காரணம் சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் டார்க்‌ஷோருக்காகச் சண்டை போட்டவர்களுக்கு அந்தக் காரணம் பசியைத் தீர்க்காது. ஹோர்ட் ஆட்களும் உள்ளே வந்து உலாவலாம் என்பது இன்னொரு புண். ரெய்டில் எல்லாரும் சேர்ந்துதான் மரத்தைக் காத்தார்கள், அதனால் நியாயம் என்று ஒரு கட்சி. எரித்தவன் கூடவே நின்று கிரகப்பிரவேசம் பார்க்கிறான் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியின் கோபம் புரிகிறது. தீர்வுதான் புரியவில்லை, ஏனென்றால் பாதி ஆட்டக்காரர்களுக்குக் கதவைச் சாத்தினால் ஏற்கெனவே காலியான தெரு இன்னும் காலியாகும்.

இது நைட் எல்ஃபுகளோடு நின்ற கதையில்லை. தங்கள் நாடான கிலிநியாஸை இழந்த வோர்கன் இனத்தார் 2010 முதல் 2024 வரை காத்திருந்து, அதே 10.2.5-ல்தான் ஊரைத் திரும்பப் பெற்றார்கள். நோம்களுக்கு நோமரேகனின் வாசலில் நியூ டிங்கர்டவுன் கிடைத்தது, டார்க்ஸ்பியர் டிரோல்களுக்கு எக்கோ தீவுகள். கடைசி இரண்டும் தலைநகர அளவுக்கு வராத சின்ன ஊர்கள். இருந்தும் அவற்றைப் பற்றி இவ்வளவு கசப்பு எழவில்லை. அந்த இனத்தில் பிறக்கும் ஆள் அங்கேயே கண் விழித்து, முதல் சில நிலைகளை அந்த மண்ணில் உருண்டு கழிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய டர்னாசஸை நீ ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நான் சொல்வது விளங்கும். டார்க்‌ஷோரில் ஸிடோர்மி என்கிற பெண் நிற்பாள். அவளிடம் பேசி, பழைய காலத்துக்கு மாற்றச் சொல். உடனே டார்க்‌ஷோர் எரிவதற்கு முந்தைய நிலைக்கு வந்துவிடும். லோர்டானலில் பறக்கும் வாகனம் எடுத்து ருத்தேரன் போய், போர்ட்டலில் ஏறு. கூட வரும் நண்பரும் ஸிடோர்மியிடம் பேசியிருக்க வேண்டும். மறந்தால் ஒருவர் பழைய காலத்திலும் ஒருவர் புதுக் காலத்திலும் நின்றுகொண்டு 'எங்கே இருக்கிறாய்' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, உன் வரைபடம். அறுபது வீடு, நடுவில் அரண்மனை, வாசலில் சந்தை, துறைமுகத்தில் போர்ட்டல். ஓவியமாக அருமை. ஊராக எடுத்துக்கொண்டால் உன் ஆட்டக்காரர்கள் இரண்டே வாரத்தில் பக்கத்து நாட்டுத் தலைநகருக்கு ஓடிவிடுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வார்கிராஃப்டில் சாதாரண ஓட்டம் விநாடிக்கு 7 கஜம், நூறு சதவீத வேக வாகனம் 14 கஜம். நீயும் அதே வேகத்தை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உன் போர்ட்டலிலிருந்து பேங்க் 420 கஜம், அங்கிருந்து ஏலக்கடை இன்னொரு 280. ஆக 700 கஜம், ஓடினால் நூறு விநாடி. திரும்பி வர இன்னொரு நூறு. ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த நடையை யாரும் நடக்கமாட்டார்கள்.

போர்ட்டல், விடுதி, பேங்க், ஏலக்கடை, மெயில் பாக்ஸ் ஐந்தையும் 70 கஜ விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் கொண்டு வா. ஒரு கோடியிலிருந்து மறுகோடி பத்தே விநாடி. அரண்மனையை ஓரத்துக்குத் தள்ளு; ராஜாவைப் பார்க்க வருகிறவன் தினமும் வருவதில்லை. ஆனால் எரிந்த ஊரின் நினைவுத் தூணை மட்டும் போர்ட்டலுக்கும் பேங்குக்கும் நடுவிலேயே வை. தனியாக ஒரு குன்றின் மேல் வைத்தால் முதல் நாள் படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு யாரும் ஏறமாட்டார்கள். வழியில் இருந்தால் காய்கறி விற்கப் போகிறவனும் கடந்துதான் போக வேண்டும்.

அந்த ஊரில் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்றாவது வேண்டும். இதில் கவனமாக இரு. அந்த வேலை பலம் கூட்டுவதாக இருந்தால் எல்லா இனத்தாரும் கட்டாயத்துக்கு வந்து நிற்பார்கள், ஊர் அவர்களுடையதாகிவிடும். அழகு சம்பந்தமானதாக வை. அந்த இனத்தின் உடைக்குச் சாயம் போடுகிறவர், அந்த இனத்தின் வாகனத்துக்குச் சேணம் கட்டுகிறவர், இப்படி. நைட்சேபர் அந்தக் காலத்தில் செய்த வேலை அதுதான்.

அறுபது வீட்டில் எத்தனைக்குள் போகலாம் என்று நீ எழுதவில்லை. பூட்டிய ஐம்பது வீட்டைவிடத் திறந்த பன்னிரண்டு வீடு மேல். பழைய ஊரில் ரொட்டி விற்ற அதே என்பிசி (கணினி நடத்தும் பாத்திரம்), அதே பெயரோடு, புது ஊரில் வேறு தொழில் செய்யட்டும். அடுப்பு கட்ட இன்னும் செங்கல் வரவில்லை என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். பத்துப் பேரை இப்படிக் கொண்டு வா. ஊர் மாறியதை ஒரு பெரிய காட்சியில் சொல்வதைவிட இது ஆழமாக இறங்கும், செலவும் குறைவு.

ஊரைக் கட்டக் கட்ட வளரவிடலாம் என்று நீ நினைப்பது நல்ல யோசனைதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. வளர்ச்சியை ஒவ்வொருவரும் முடிக்கும் குவெஸ்டோடு (விளையாட்டுப் பணியோடு) கட்டினால், சாரம் கட்டிய ஊரில் ஒருவனும் முடிந்த ஊரில் ஒருவனுமாக நின்று, ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். காலியான ஊர் இன்னும் துண்டு துண்டாகும். வளர்ச்சியை நாட்காட்டியோடு கட்டு. நாலு கட்டம், கட்டத்துக்கு ஆறு வாரம், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். பிந்தி வருகிறவர்கள் முந்திய கட்டத்தைப் பார்க்க ஸிடோர்மி மாதிரி ஒரு ஆளை நிறுத்தினால் போதும். தொடக்க இடத்தையும் இங்கேயே கொண்டு வந்துவிடு. முதல் ஐந்து நிலைக்கான குவெஸ்டாவது, செங்கல் சுமப்பதும் கிணறு தோண்டுவதுமாக, இந்த ஊருக்குள்ளேயே நடக்கட்டும்.

படம் வரைவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார். வண்ணமே இல்லாமல், சாம்பல் நிறப் பெட்டிகளாக ஊரை அடுக்கு. வரைபடம் இல்லாமல் ஐந்து பேரை இருபது நிமிடம் உலவ விடு. வெளியே வந்ததும் ஊரைக் காகிதத்தில் வரையச் சொல். பேங்கும் தூணும் ஐந்து காகிதத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தால் சரி. மூன்று பேர் மாற்றி வரைந்திருந்தால் தெருவை நேராக்கு, பெயர்ப்பலகையைக் கூட்டாதே. பலகை வைத்துச் சரிசெய்யப் பார்ப்பது பலரும் செய்கிற தப்பு.

துறைமுகத்தை என்ன செய்வது என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. படகு விடுகிற உத்தேசம் இருந்தால் வை. வெறும் அலங்காரத்துக்கென்றால் இப்போதைக்கு அதை ஆறு என்று மாற்றி வரைந்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்