பீஸ் பாக்கிக்குக் கட்டு ஈடல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பாக்கி பீஸைக் கொடுத்துவிட்டுக் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்." கட்டு என்றால் வழக்கு ஆவணங்கள் அடங்கிய கோப்பு. வக்கீலை மாற்றப் போகும் கட்சிக்காரர் இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வருவது நீதிமன்ற வளாகங்களில் வாடிக்கையாகிவிட்டது. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. அதை வழக்கறிஞர்களாகிய நாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தீர்த்துவிட்டது. ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர், தனக்கு 97,100 ரூபாய் வரவேண்டும் என்று சொல்லி வங்கியின் வழக்குக் கட்டுகளைத் தர மறுத்தார். பீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது, அது தொழில் ஒழுங்கீனம் என்றது தீர்ப்பு. பாக்கி உண்மையாகவே இருந்தாலும் இதே நிலைதான்.

காரணம் கட்டைப் பிரித்தால் தெரியும். மூலக் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிராது (வழக்கு மனு) நகல், மேலட்டையில் வரிசையாக வாய்தா தேதிகள். மூலப் பத்திரம் கையில் இல்லாமல் சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்றாவணமாகக் குறியிடுவதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். பிராதுக்குப் பதிலாகத் தரும் எதிருரைக்கு 30 நாள், நீதிமன்றம் மனம் வைத்தால் 90 நாள் வரை. உயர் நீதிமன்றம் தவிர மற்ற நீதிமன்றங்களில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். கட்டு இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தால் ஒருவருடைய வீடே கைவிட்டுப் போகலாம்.

அடுத்த ஆயுதம் 'ஆட்சேபணை இல்லை' என்ற கையெழுத்து. பழைய வக்கீலின் சம்மதத்தோடு புதியவர் ஆஜராக வேண்டும் என்று பார் கவுன்சில் (வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதி சொல்வது உண்மை. ஆனால் சம்மதம் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்ற அனுமதியோடு ஆஜராகலாம் என்று அதே விதியே வழிவிடுகிறது. எனவே கட்சிக்காரர் முதலில் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கட்டைக் கேட்டு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் அந்தக் கடித நகலை இணைத்து, பழைய வக்காலத்தை (வாதாட வக்கீலுக்குத் தந்த அதிகாரப் பத்திரத்தை) ரத்து செய்ய அனுமதி கோரும் மனுவோடு புது வக்காலத்தைத் தாக்கல் செய்யலாம். நீதிமன்றத்தில் ஏற்கெனவே தாக்கலானவற்றுக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். மீட்க வழியில்லாமல் தவிக்கவிடுவது தாக்கலாகாத மூல ஆவணங்கள்தான். ஆகவே ஆரம்பத்தில் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கொடுக்கும் நாளில் ஆவண எண், தேதி குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கறிஞரின் வலியும் பொய்யல்ல. தீர்ப்பு வரும்வரை தினமும் போன் செய்தவர், ஜெயித்த மறுநாளே எண்ணை மாற்றிவிடுவதுண்டு. ஆனாலும் பீஸ் தகராறுகளில் பாதிக்குமேல் நம் கணக்கு வைக்கும் பழக்கத்திலிருந்தே முளைக்கின்றன என்பது என் கருத்து. டைரியில் 'வரவு 5,000' என்று மட்டும் இருக்கும். அது கோர்ட் கட்டணமா, பேட்டாவா (சம்மன் அனுப்பும் செலவா), பீஸா என்பது ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. வாங்கும் பணம் பீஸுக்கா செலவுக்கா என்று பிரித்து எழுதவேண்டும் என்பது விதி. வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தைப் பீஸில் கழித்துக்கொள்ள, கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். வழக்கு முடிந்தபின் மிச்சத்தைப் பேசிய பீஸுக்கு வரவு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பாக்கி நின்றால் நோட்டீஸ் அனுப்பி, காலவரம்புக்குள் வசூல் வழக்குப் போடலாம். இத்தனை வழி இருக்கும்போது கட்டில் கை வைக்க அவசியமே இல்லை.

எழுதிக் கேட்டும் கட்டு வராதவர்கள், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். கவுன்சில் அதை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். அனுப்பிய கடிதத்தின் நகலும் ஆவண ரசீதும் இல்லாத புகார் அங்கே வலுவிழந்து நிற்கும்.

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஒரு வேண்டுகோள்: புதிதாகப் பதிவு செய்யும் இளையவர்களுக்கு, பீஸ், செலவு, ஆவணப் பட்டியல் என மூன்று கட்டங்கள் கொண்ட ரசீதுப் புத்தகம் ஒன்றைப் பதிவுச் சான்றிதழோடு சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர்