செயலாளரின் ஆண்டறிக்கை: பேலீஃப் பண்ணை வீடு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மரபுக் கட்டடங்களைக் கற்கவும் அவற்றைப் பழுதுபார்க்கும் கைவினையைப் பழகவும் கூடிய சங்கம் இது. சென்ற பொதுக்கூட்டத்தின் முடிவுப்படி இவ்வாண்டு ஒரே வீட்டை எடுத்துக்கொண்டோம். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், சிங்கிள்டனில் இருக்கும் வீல்ட் அண்ட் டௌன்லாண்ட் வாழும் அருங்காட்சியகத்தின் பேலீஃப் பண்ணை வீடுதான் அது.

கென்ட் மாவட்டத்தில் பவ் பீச் நீர்த்தேக்கம் கட்டியபோது வீட்டை 1968-69இல் பிரித்தெடுத்து, சிங்கிள்டனில் 1972இல் மறுபடி எழுப்பினார்கள். நடுக்கூடமும் சேமிப்பறைகள் உள்ள பக்கமும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. குடும்பத்தார் தனியே தங்கும் மறுமுனைப் பகுதி 1500ஐ ஒட்டிச் சேர்ந்தது. ஆக, 1485 முதல் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச மரபின் கால வீடு என்று நாம் சொன்னாலும் அதன் பாதிக்கு மேல் டியூடர்களுக்கு முந்தியது. தட்டுமுட்டுச் சாமான்களும் தோட்டமும் 1540ஆம் ஆண்டுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. சாமான்கள் எல்லாம் புதிதாகச் செய்த நகல்கள் என்பதால், உட்காரவும் சமைக்கவும் தயக்கமில்லாமல் பயன்படுத்த முடிகிறது. இந்த ஏற்பாடு மிகச் சரியானது என்பது நம் குழுவின் கருத்து.

இவ்வாண்டின் பெரும்பகுதி சுவருக்கே போனது. ஓக் மரச் சட்டத்தின் இடைவெளியை நிரப்புவது படலும் மண்ணும்தான். நேர்க்குச்சிகளின் மேல்நுனியை மேல்விட்டத்தின் துளையில் செருகி, அடிநுனியைக் கீழ்விட்டத்தின் காடியில் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றின் குறுக்கே பிளந்த ஹேசல் கொம்புகளைக் கூடை முடைவது போலப் பின்னுவார்கள். நம் பயிற்சிச் சட்டகத்துக்கு ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு கரடுமுரடான மணல், கால் பங்கு பசுஞ்சாணம், விரல் நீளத்தில் நறுக்கிய வைக்கோல் என்று அளவு வைத்தோம். காலால் மிதித்துக் குழைத்த கலவையை ஓர் இரவு ஊறவைத்தோம். அப்பும்போது இருபுறமும் ஆள் நிற்க வேண்டும். இரண்டு பக்க மண்ணும் படலின் நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருபுறம் முடித்துவிட்டு மறுபுறம் வந்தால், முதல் பக்கம் உருண்டை உருண்டையாகப் பின்னால் உதிரும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மணல் சேர்க்காத சட்டகம் ஒன்றையும் செய்தோம். காய்ந்ததும் விரல் நுழையும் வெடிப்பு விட்டது. ஏனென்றால் சுருங்குவது களிமண், மணல் சுருங்காது. மணல் சேர்த்த சட்டகத்திலும் மரத்தை ஒட்டிய விளிம்பில் மெல்லிய இடைவெளி விழுந்தது. அது இயல்பு, சுண்ணாம்பும் விலங்கு மயிரும் கலந்த காரையால் அடைத்தால் போதும். அங்கே சிமெண்ட் வைக்கவே கூடாது. சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே புகும் மழைநீர் வெளியேற வழியின்றி ஓக்கை உளுத்துப்போகச் செய்யும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓக் என்றால் மரம் துளைக்கும் வண்டுக்குக் கொண்டாட்டம். இங்கிலாந்தின் பழைய மரவீடுகள் பலவற்றைக் கெடுத்தது இந்த ‘உறுதியான’ பழுதுபார்ப்புதான்.

வெள்ளையடிப்பதற்குச் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, நான்கைந்து மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் செதில் செதிலாக உரியும்.

மரவேலைப் பயிற்சி ஒரே பட்டறையோடு முடிந்தது. பச்சை ஓக்கில் கழுந்தும் (துளைக்குள் நுழையும் மர நாக்கு) அது பொருந்தும் துளையும் வெட்டி, உலர்ந்த ஓக் முளை அடித்தோம். கழுந்தில் இடும் ஓட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கழுந்தின் அடிப்பக்கமாகத் தள்ளிப் போட்டால், முளை இறங்கும்போது இணைப்பு தானே இறுகும். அளவுக்கு மீறித் தள்ளினால் முளை ஒடியலாம்.

நெருப்பைப் பற்றிய கூட்டத்துக்குத்தான் உறுப்பினர்கள் அதிகம் வந்தார்கள். பேலீஃபில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் தரையிலேயே அடுப்பு எரிகிறது. கூரைவரை திறந்த கூடம் என்பதால் புகை தலைக்கு மேலே தேங்கி, மெல்ல வெளியேறுகிறது. சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக்கதவுகள்தான். காற்று வீசும் பக்கத்தை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறக்காவிட்டால் புகை கண்ணுக்கு இறங்கிவிடும். விறகு பிளந்து நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஆஷ் மரம் உத்தமம். செஸ்ட்நட் பொறி தெறிக்கும், திறந்த அடுப்புக்கு ஆகாது.

சமையலில் தானியமும் கீரையும் சேர்த்த கஞ்சி, கோதுமையும் ரை என்னும் தானியமும் கலந்த ரொட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். 1540இல் அந்த வீட்டில் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இடமில்லை. மலபார் மிளகு விலை உயர்ந்த சரக்கு; காரத்துக்குக் கடுகே பெரும்பாலும் கைகொடுத்தது.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: சுண்ணாம்பு வேலை அனைத்தையும் உறைபனி அபாயம் நீங்கிய மாதங்களுக்குள் முடிப்பது, ஏனெனில் இறுகுமுன் உறைந்த காரை பொடியாகிவிடும், பயிற்சிச் சட்டகங்களை ஒரு குளிர்காலம் மழையில் வைத்து மறுபடி சோதிப்பது, பிளந்த ஓக் ரீப்பரில் முளை கொண்டு ஓடு தொங்கவிடும் முறையைக் கற்பது. இவற்றுக்குக் கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்