எழுத மலை ஏற வேண்டாம், ஒரு தேதி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கதை, கவிதை எழுத உந்துதல் எங்கிருந்து கிடைக்கும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அமைதியான இடத்துக்குப் போங்கள், ஏற்காடு மாதிரி ஒரு மலைக்குப் போய் இரண்டு நாள் தங்குங்கள், போனை அணைத்துவிட்டு ஏரிக்கரையில் உட்காருங்கள், எழுத்து தானாக வரும் என்று அதில் இருந்தது. அந்த மலையின் அடியில் குடியிருப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டுரை எழுதியவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் எழுத ஆசைப்படும் எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு, நமக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே, அதுதான் என் கவலை.

ஏற்காடு அழகுதான், யார் இல்லை என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் சேலம் விளக்குகளைப் பார்த்தால் எனக்கும் மனசு நிறையும். ஆனால் மனசு நிறைவது வேறு, கை எழுதுவது வேறு. பனியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் பெரும்பாலும் பனியைப் பற்றித்தான் எழுதுவோம், அதை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அந்த மலையில் நிஜமாகவே எழுத வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, காப்பிப் பூ. மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் எஸ்டேட் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசனை ரோடு வரைக்கும் வரும், மூன்று நான்கு நாளில் வாடியும் போய்விடும். சுற்றுலா வருகிறவர் அந்த நாளில் இருந்தால் போட்டோ எடுப்பார். அங்கே களை எடுக்கிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பூவைப் பற்றிப் பேசவே மாட்டார். பூத்த பிறகு அடுத்த மழை சரியான நேரத்தில் வருமா, வராவிட்டால் காய் பிடிக்காதே, காய் இல்லாவிட்டால் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கிற கூலி என்ன ஆகும் என்றுதான் பேசுவார். இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே பூதான், கதை அந்த அம்மாவிடம் இருக்கிறது. அவருக்கு உந்துதல் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிறோம். பெரிய அமைப்பெல்லாம் கிடையாது, பெயர்கூட வைக்கவில்லை. அங்கே மலைக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வருகிறாள், சேர்வராயன் மலையின் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்துப் பெண், கேரளத்து மலையாளி இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்று அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். இதை அவளுடைய பாட்டி சொல்லும்போது பிரிகிற இடத்தில் நிறுத்திவிடுவாராம். அண்ணன் தம்பி கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது என்ன, யார் முதலில் எழுந்தது, திரும்பிப் பார்த்தது யார் என்று ஒவ்வொரு தடவையும் புதுசாக ஏதாவது சேர்ப்பாராம். அவள் இதைச் சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் டீயை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். எழுதிக் கொண்டு வா என்றேன். "இதெல்லாம் கதையாக்கா? இதை யாரு படிப்பாங்க?" என்றாள்.

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் கட்டுரை தொடவில்லை. எழுத ஆசை உள்ளவர்களில் பலருக்கு விஷயம் இருக்கிறது, மொழி இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைமணி நேரமும் எப்படியோ கிடைத்துவிடும். இல்லாதது ஒன்றுதான், எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஒரு ஆள். அந்தப் பெண்ணிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் நீதான் முதலில் படிக்கிறாய், நாங்கள் காத்திருப்போம் என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியதால் வளைவு வரும் இடமெல்லாம் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. பாட்டி சொல்லி நிறுத்திய இடத்திலிருந்து அவள் தொடங்கியிருந்தாள், மலை ஏறின அண்ணனோடு போன மருமகளின் கண் வழியாக. பாட்டி ஒருநாளும் சொல்லாத ஆள் அந்த மருமகள்.

இன்னொன்றும் அனுபவத்தில் பார்த்தது. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொன்ன வாரங்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு வருவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை எழுதுங்கள், ஆனால் அம்மனையும் தேரையும் எழுதக் கூடாது என்றதும் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் செருப்பு விடுகிற இடத்தை மட்டும் எழுதியிருந்தார். தேய்ந்த ஹவாய் செருப்பைக்கூட ஜோடி மாறாமல் கயிறு கட்டி மாட்டி வைக்கிற ஒரு பெரியவர், மழை வந்ததும் தன் தலைக்குப் பிடித்திருந்த சாக்கை எடுத்துச் செருப்புகள் மேல் போர்த்துகிறார். அவர் படித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எழுதினவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்பவர், பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு ராத்திரி பேனா பிடிக்கக் கை வராது, அதனால் போனில் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறார், மகள் எழுதிக் கொடுக்கிறாள். இதுவும் ஒரு வழி. தாளும் பேனாவும் மேஜையும் இருந்தால்தான் எழுத்து என்று யார் சொன்னது?

அப்புறம், பாதியில் நின்றுபோகிற பிரச்சினை. ஆரம்பித்த வேகத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு மூன்றாம் நாள் அதை எடுத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று சொல்லாத ஆள் கிடையாது. எங்கள் அம்மாபேட்டைத் தறிக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், நெய்து முடிந்ததும் கடைசி இழை வரை நெய்துவிட மாட்டார்கள், கொஞ்சம் மிச்சம் விட்டு நிறுத்துவார்கள். தறியில் இழைகளைக் கோக்கிற விழுதிலும் அச்சிலும் பழைய நூல் கோத்தபடியே கிடக்கும். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு பிணைத்து மெதுவாக இழுத்துவிட்டால் போதும், முதலிலிருந்து கோக்க வேண்டிய வேலை இல்லை. எழுத்தையும் அப்படி விட்டுவிட்டு எழுந்திருக்கச் சொல்கிறேன். அடுத்த வரி என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், மறுநாள் அந்த நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாம் தீரும் வரை எழுதிவிட்டு எழுந்தால்தான் மறுநாள் வெறும் தாள் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

சேலத்துக்கு எழுத்து புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இந்த ஏற்காடு சாலையில்தான் இருந்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள், 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படத்தையும் இவர்கள்தான் எடுத்தார்கள். கலைஞர் கருணாநிதி இங்கே தங்கி வசனம் எழுதிய காலம் ஒன்று உண்டு, கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்திருக்கிறார். இன்றைக்கு அந்த நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே எழுதியவர்களுக்கும் அதே மலைதான் ஜன்னலில் தெரிந்திருக்கும். ஆனால் அவர்களை எழுத வைத்தது மலை என்று எனக்குத் தோன்றவில்லை. கீழே செட் போட்டு, நடிகர்கள் வந்து, வசனத்துக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது, அதுதான் எழுத வைத்திருக்கும். அதேபோல 1968-ல் சேலத்திலிருந்து ‘நடை’ என்று ஒரு சிற்றிதழ் வந்தது. சில இதழ்களோடு நின்றுபோனாலும் தமிழ்ப் புதுக்கவிதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள். எழுத ஆள் இருந்ததால் மட்டும் அது நடக்கவில்லை, எழுதினால் போடுவதற்கு ஒரு இடம் இந்த ஊரிலேயே இருந்ததால் நடந்தது.

இப்போது அந்த இடம் எங்கே? சென்னையிலிருந்து வருகிற பெரிய போட்டிகள் இருக்கின்றன, தீபாவளி மலர்கள் இருக்கின்றன. அதற்கு அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் குச்சிக்கிழங்கு மில்லில் மாவு காயப்போடுகிற பெண்ணோ கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் தட்டுவடை செட் போடுகிற தம்பியோ முதல் கதையை அங்கே அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் பதில் வராது. முன்பெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டிய கவரைச் சேர்த்து அனுப்பினால் பிரசுரமாகாத கதையாவது வீடு திரும்பும், சில ஆசிரியர்கள் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் எழுதினவர்களை எனக்குத் தெரியும். இப்போது மெயில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரிவதில்லை. எழுதுகிறவரை இப்படிப் பதிலே இல்லாமல் விடுவது நிராகரிப்பதைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன். நிராகரித்தால் கோபத்திலாவது இன்னொன்று எழுதுவார்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சேலம் பதிப்பில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் இந்த மாவட்டத்துக்காரர்களின் எழுத்துக்கு ஒதுக்குங்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது, மாதம் ஒருமுறை அரைப் பக்கம்தான் கேட்கிறேன். முந்நூறு சொல்லுக்கு மேல் வேண்டாம், வேலைக்குப் போகிறவர்களால் அதைத்தான் முடிக்க முடியும். பொருளை நீங்களே சொல்லிவிடுங்கள், சின்னதாக இருக்கட்டும்: அடிவாரம் பஸ் நிறுத்தம், வீட்டுத் தறியின் சத்தம், மாம்பழ சீசனில் ஒரு நாள் என்று இந்த மாதிரி. பரிசுப் பணம் வேண்டாம். தேர்வாகாதவர்களுக்கு எது நன்றாக இருந்தது என்று ஒரே ஒரு வரி அனுப்புங்கள், அதற்கு ஆள் இல்லை என்றால் எங்கள் கூட்டத்திலிருந்து நாங்கள் வந்து படித்து உதவுகிறோம். பெண்கள் சொந்தப் பெயரில் எழுதத் தயங்குவார்கள், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று. புனைபெயரில் போடவும் ஒத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பைக் கிளை நூலகங்களிலும் ஒட்டச் சொல்லலாம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் நம்முடையது, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சாயந்திரம் அங்கே பேப்பர் படிக்க வருகிற பெரியவர்களில் எத்தனை பேரிடம் எழுதப்படாத சேலம் இருக்கிறது என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் தெரியும்.

முதல் மாதத்துக்கு என்ன பொருள், எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று மட்டும் போடுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து கண்டிப்பாக வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்